கையகப்படுத்திய நிலத்தை வாரியமோ அரசு நிறுவனமோ விற்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலும் அதை ஒட்டிய திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களிலும் ஹவுசிங் போர்டு (வீட்டு வசதி வாரியம்), சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), நெடுஞ்சாலைத் துறை, சிப்காட் (மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனம்), மெட்ரோ என்று ஏதோ ஒன்றுக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள் ஏராளம். அவர்களும், அதே நிலத்தை ஏலத்தில் எடுக்க நினைப்பவர்களும், வாரிய மனையில் குடியிருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறோம். நிலம் எந்தச் சட்டத்தில் எடுக்கப்பட்டது, இன்று யார் கையில் இருக்கிறது என்ற இரண்டும் தெரியாமலே மனு எழுதுவதில்தான் முக்கால்வாசிக் குழப்பம் தொடங்குகிறது.

1. எங்க நிலத்தை பொதுக் காரியத்துக்குன்னு எடுத்தாங்க. அதை இன்னொருத்தருக்கு விக்க அவங்களுக்கு என்ன அதிகாரம் இருக்கு?

1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 16-ஆவது பிரிவுப்படி, அவார்டு (நஷ்டஈட்டை முடிவு செய்யும் ஆணை) பிறப்பித்துச் சுவாதீனம் (கைவசம்) எடுத்ததும் நிலம் எந்த வில்லங்கமும் இல்லாமல் முழுமையாக அரசுக்குச் சேர்ந்துவிடுகிறது. அன்றோடு பழைய உரிமையாளரின் உரிமை முடிந்துபோகிறது. அவருக்கு மிஞ்சுவது நஷ்டஈடு கேட்கும் உரிமை மட்டும்தான். அதன்பின் நிலத்தை வைத்திருக்கும் அமைப்பு, தன்னை உருவாக்கிய சட்டம் இடம் கொடுக்கும் அளவுக்கு அதை விற்கலாம், குத்தகைக்கு விடலாம்.

வீட்டு வசதி வாரியம் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இயங்குவது. நிலத்தை வாங்கி, மனை பிரித்து, வீடு கட்டி விற்பதுதான் அதன் வேலை. அண்ணா நகரும் கே.கே. நகரும் முகப்பேரும் அப்படி வந்தவை. கோயம்பேடு மொத்த விற்பனை வளாகத்தில் சி.எம்.டி.ஏ. வியாபாரிகளுக்குக் கடைகளை ஒதுக்கியதும் இதே வகை. எனவே விற்றார்கள் என்பது மட்டுமே தவறாகிவிடாது. விற்பதற்காகவே எடுத்த நிலமா, வேறொரு வேலைக்கு எடுத்து மிஞ்சியதை விற்கிறார்களா, யாருக்கு, எந்த முறையில் விற்கிறார்கள் என்பதில்தான் வழக்குகள் எழுகின்றன.

2. எந்தச் சட்டத்துல எடுத்தாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? எங்ககிட்ட ஒரு பேப்பரும் இல்லையே.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. நிலம் எடுத்த எல்.ஏ. (நில எடுப்பு) தாசில்தார் அலுவலகம் பல இடங்களில் மூடப்பட்டிருக்கும். அதனால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும், நிலம் யாருக்காக எடுக்கப்பட்டதோ அந்த அமைப்புக்கும் தனித்தனி மனு அனுப்புவது நல்லது.

"என் நிலம் என்ன ஆச்சு" என்று கேட்டால் "கோப்பு கிடைக்கவில்லை" என்றுதான் வரும். சர்வே எண்ணும் உட்பிரிவும் எழுதி, ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: 4(1) அறிவிப்பு (நிலம் தேவைப்படுகிறது என்ற முதல் அறிவிப்பு), 6-ஆவது பிரிவு விளம்புகை (எடுக்கப் போவதை உறுதி செய்யும் அறிவிப்பு), அவார்டு எண்ணும் தேதியும், சுவாதீனம் எடுத்த மகஜர், நஷ்டஈடு கொடுத்த அல்லது நீதிமன்றத்தில் கட்டிய விவரம், நிலத்தை வாரியத்திடம் ஒப்படைத்த ஆவணம். சென்னை மாநகர எல்லைக்குள் பழைய கிராம சர்வே எண் இப்போது டவுன் சர்வே எண்ணாக மாறியிருக்கும். வார்டு, பிளாக், டி.எஸ். எண் மூன்றையும் பழைய எண்ணோடு ஒப்பிட்டு எழுதாவிட்டால் பக்கத்து நிலத்தின் காகிதம் உங்கள் கைக்கு வரும்.

அவார்டு வந்ததும் முதலில் பரப்பு எவ்வளவு, உரிமை கோரியவராக யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சில அவார்டுகளில் பணம் யாருக்கும் கொடுக்கப்படாமல் 30, 31(2) பிரிவுகளில் நீதிமன்றத்தில் கட்டப்பட்டதாக இருக்கும். பங்காளித் தகராறோ பத்திரக் குறையோ இருந்த இடங்களில் அப்படி நடந்திருக்கும். அந்தப் பணம் உரிமையை நிரூபிப்பவருக்காகக் காத்திருக்கிறது.

3. நாங்க நஷ்டஈடே வாங்கலை. இன்னிக்கும் வேலி போட்டு நாங்கதான் அனுபவிக்கிறோம். அப்போ நிலம் எங்களோடதுதானே?

பெரும்பாலும் இல்லை. 1894 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2013-ஆம் ஆண்டுப் புதிய நில எடுப்புச் சட்டம் 2014 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு 5 ஆண்டுகளுக்கு முன்பே அவார்டு ஆகியும் சுவாதீனம் எடுக்காமலோ நஷ்டஈடு கொடுக்காமலோ இருந்தால் நில எடுப்பு காலாவதி என்று 24(2) பிரிவு சொல்வதாக முதலில் பொருள் கொள்ளப்பட்டது. இந்தூர் வளர்ச்சி ஆணைய வழக்கில் 2020 மார்ச் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: சுவாதீனமும் எடுக்கவில்லை, பணமும் கொடுக்கவில்லை என்ற இரண்டும் சேர்ந்தால்தான் காலாவதி. ஒன்று நடந்திருந்தாலும் நில எடுப்பு நிற்கும்.

சுவாதீனம் என்றால் ஜே.சி.பி. வந்து நிற்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். காலி நிலத்துக்கு, அதிகாரிகள் எல்லை குறித்து எழுதி, சாட்சிகளோடு கையெழுத்திட்ட மகஜரே போதும் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. அதன் பிறகு உள்ளே இருப்பவர் அத்துமீறி இருப்பவராகவே கருதப்படுவார். எனவே வேலியையும் தென்னை மரத்தையும் போட்டோ எடுப்பதற்கு முன்னால் மகஜரின் நகலை வாங்கிப் படியுங்கள். தேதி, எல்லை, கையெழுத்து மூன்றும் சரியாக இருந்தால் அனுபவத்தை மட்டும் வைத்து வழக்கு நடத்துவது செலவில்தான் முடியும்.

4. 4(1) மட்டும் போட்டாங்க, அதுக்கப்புறம் யாரும் வரவே இல்லை. அதுக்கும் இதே கதியா?

அது வேறு. 1984 திருத்தத்துக்குப் பின், 4(1) அறிவிப்பிலிருந்து ஓராண்டுக்குள் 6-ஆவது பிரிவு விளம்புகை வர வேண்டும்; அதிலிருந்து 2 ஆண்டுக்குள் அவார்டு வர வேண்டும். நீதிமன்றத் தடை இருந்த நாட்களைக் கழித்துக் கணக்கிட வேண்டும். கெடு தாண்டியிருந்தால் நில எடுப்பு இல்லாமல் போகிறது. அவசரப் பிரிவான 17-ல் சுவாதீனம் எடுத்திருந்தால் மட்டும் இந்த 2 ஆண்டுக் கெடு உதவாது. நிலம் உங்களுடையதாகவே இருந்தாலும் வாரியத்தின் பட்டியலில் சர்வே எண் ஒட்டிக்கொண்டிருக்கும். பத்திரப் பதிவுக்கும் வங்கிக் கடனுக்கும் வாரியத்தின் தடையில்லாச் சான்று கேட்பார்கள். மேலே சொன்ன தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி ஆதாரத்தோடு மனு கொடுத்தால்தான் அந்தக் கோப்பு நகரும்.

5. ரோடு போட்டது போக மிச்ச இடம் சும்மா கிடக்குது. மிச்சத்தை எங்களுக்குத் திருப்பித் தரணும்ல?

தார்மீகமாக இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சட்டம் அவ்வளவு தூரம் வருவதில்லை. தேசிய நெடுஞ்சாலைக்காக எடுத்து மிஞ்சிய நிலம் பற்றிய கேரள அரசு எதிர் பாஸ்கரன் பிள்ளை வழக்கில் 1997-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: மிஞ்சிய நிலத்தை வேறு பொதுக் காரியத்துக்குப் பயன்படுத்தலாம், அப்படி எதுவும் இல்லையென்றால் பழைய உரிமையாளருக்கே விற்பதைவிடப் பொது ஏலத்தில் விட்டு, வரும் பணத்தைப் பொதுக் காரியத்துக்குச் செலவிட வேண்டும். எடுத்த நோக்கத்துக்குப் பயன்படுத்தவில்லை என்பதால் மட்டும் 1894 சட்டத்தின் நில எடுப்பு செல்லாமல் போவதில்லை என்று 1976-லேயே குலாம் முஸ்தபா வழக்கில் சொல்லப்பட்டுவிட்டது.

வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் ஓடும் வெளிவட்டச் சாலையைப் பாருங்கள். திட்டத்தின் அகலம் 122 மீட்டர். சாலை அதில் ஒரு பகுதிதான். ஓரத்தில் முள் முளைத்துக் கிடக்கும் பட்டையை "மிச்சம்" என்று பார்ப்பதற்கு முன், அறிவிப்பில் நோக்கம் என்னவென்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பிற்காலத் தேவைக்கும் சேர்த்தே எடுத்திருந்தால் அது மிச்ச நிலம் என்ற கணக்கில் வராது.

6. 48-பி-ல மனு போட்டா நிலம் திரும்பக் கிடைக்கும்னு சொல்றாங்களே?

1894 சட்டத்தில் தமிழ்நாடு 1997-ல் தனியாகச் சேர்த்த பிரிவு இது. எடுத்த நோக்கத்துக்கோ வேறெந்தப் பொதுக் காரியத்துக்கோ நிலம் தேவையில்லை என்று அரசு கருதினால், வாங்கிய நஷ்டஈட்டை, 30 சதவீத ஆறுதல் தொகையும் 12 சதவீதக் கூடுதல் தொகையும் உட்பட, திருப்பிக் கட்டும் பழைய உரிமையாளருக்கு நிலத்தை மாற்றித் தரலாம். கட்ட வேண்டியது இன்றைய சந்தை விலை இல்லை, அன்று வாங்கிய பணம். இந்தப் பிரிவுக்கு இவ்வளவு கிராக்கி இருப்பது அதனால்தான்.

"தரலாம்" என்றுதான் இருக்கிறது, "தர வேண்டும்" என்று இல்லை. அதோடு கீரவாணி அம்மாள் (2007), சந்திரசேகரன் (2010) வழக்குகளில் உச்ச நீதிமன்றம் இதை மிகக் கறாராகப் படித்தது: நிலம் அரசின் கையிலிருந்து வீட்டு வசதி வாரியத்துக்குப் போய்விட்டிருந்தால் 48-பி பொருந்தாது, வேறொரு பொதுத் தேவை இருந்தாலும் பொருந்தாது. ஒப்படைப்பு ஆவணத்தையும் சேர்த்துக் கேளுங்கள் என்று 2-ஆம் பதிலில் சொன்னது இதற்காகத்தான். மூலச் சட்டமே 2014-ல் ரத்தாகிவிட்டதால், இன்று புதிதாக மனு கொடுப்பவர் அந்தத் தடையையும் எதிர்கொள்ள வேண்டும்.

இந்தப் பிரிவைக் காட்டி, "பவர் எழுதிக் கொடுங்கள், மீட்டுத் தருகிறோம்" என்று வருபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். நஷ்டஈடு பெற்ற பழைய உரிமையாளரைப் பற்றித்தான் பிரிவு பேசுகிறது. பிற்பாடு விலைக்கு வாங்கியவரைப் பற்றிப் பேசவில்லை. கிடைக்காத நிலத்துக்கு முன்பணம் கொடுத்தவர்களும், புரியாமல் பவரில் கையெழுத்துப் போட்ட வயதானவர்களும் கடைசியில் ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

7. புதுச் சட்டப்படி 5 வருஷம் சும்மா போட்டா தானா நம்ம பேருக்கு வந்துடுமாமே?

தானாக வராது. 2013 சட்டத்தின் 101-ஆவது பிரிவு, சுவாதீனம் எடுத்த நாளிலிருந்து 5 ஆண்டு பயன்படுத்தாத நிலத்தைப் பழைய உரிமையாளருக்கோ வாரிசுகளுக்கோ "அல்லது" அரசின் நில வங்கிக்கோ திருப்ப வேண்டும் என்கிறது. அந்த "அல்லது" அரசுக்குச் சாதகமாகவே இருக்கிறது. மேலும், "இந்தச் சட்டத்தின் கீழ்" எடுத்த நிலம் என்றுதான் பிரிவு தொடங்குகிறது. 1980-களில் முகப்பேரிலோ சோழிங்கநல்லூரிலோ எடுத்த நிலத்துக்கு இதை நீட்ட முடியாது.

2014-க்குப் பின் இந்தச் சட்டத்தில் எடுத்திருந்தால் 99, 100 பிரிவுகளையும் சேர்த்துப் படியுங்கள். எடுத்த நோக்கத்தை மாற்றக் கூடாது. எதிர்பாராத மாற்றத்தால் அந்த நோக்கத்துக்குப் பயன்படாமல் போனால் மட்டும் வேறு பொதுக் காரியத்துக்குப் பயன்படுத்தலாம். அரசின் தனி அனுமதி இல்லாமல் உரிமை கைமாறவும் கூடாது.

8. எங்ககிட்ட குறைச்ச விலைக்கு எடுத்து, அதிக விலைக்கு வித்தா, லாபத்துல எங்களுக்குப் பங்கு உண்டா?

உண்டு, அதே 2013 சட்டத்தில் எடுத்த நிலமாக இருந்தால். 102-ஆவது பிரிவுப்படி, எந்த மேம்பாடும் செய்யாமல் நிலத்தை விலைக்குக் கைமாற்றினால், உயர்ந்த மதிப்பில் 40 சதவீதத்தை நிலம் கொடுத்தவர்களுக்கோ வாரிசுகளுக்கோ பகிர வேண்டும். ஒரு கிரவுண்டை 30 லட்சத்துக்கு எடுத்து 80 லட்சத்துக்கு விற்றால் வித்தியாசம் 50 லட்சம். அதில் 20 லட்சம் உங்களுடையது. பலருடைய நிலம் சேர்ந்திருந்தால் அவரவர் நிலம் எடுக்கப்பட்ட மதிப்பின் விகிதத்தில் பிரியும்.

சிக்கல் "மேம்பாடு" என்பதில் வரும். சாலையும் வடிகாலும் போட்டு மனை பிரித்துவிட்டோம் என்று விற்பவர் சொல்வார். விற்பனைக்கு முந்தைய நிலையைக் காட்டும் சான்று உங்களிடம் இருக்க வேண்டும்: தேதியுள்ள படங்கள், லே-அவுட் அனுமதி எப்போது வந்தது, வேலைக்கு டெண்டர் எப்போது விட்டார்கள் என்ற விவரம். விற்ற பிறகு தேடினால் இவை கிடைப்பது கடினம்.

9. நெடுஞ்சாலை, சிப்காட், மெட்ரோவுக்கு எடுத்ததுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956, மெட்ரோ ரயில் கட்டுமானப் பணிகள் சட்டம் 1978 போன்றவை 2013 சட்டத்தின் நான்காம் அட்டவணையில் இருக்கின்றன. அவற்றில் எடுத்த நிலத்துக்கு நஷ்டஈடும் மறுவாழ்வும் புதுச் சட்டக் கணக்கில் வந்தாலும், மற்றப் பிரிவுகள் அப்படியே வந்து ஒட்டிக்கொள்வதில்லை. தமிழ்நாட்டின் தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டமும் 2001 நெடுஞ்சாலைச் சட்டமும் 105-ஏ என்ற மாநிலத் திருத்தத்தால் 2013 சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றன. சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் அந்த விலக்கைச் செல்லாது என்றது. அவற்றுக்கு மீண்டும் உயிர் கொடுக்கச் சட்டமன்றம் அதே ஆண்டு புதிய சட்டம் இயற்றியது. அதை 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எனவே அறிவிப்பு எந்தச் சட்டத்தில் வந்தது என்று பார்க்காமல் 101, 102 என்று மனு எழுதினால் முதல் விசாரணையிலேயே திரும்பிவிடும்.

சிப்காட் பொதுவாக மனையை விற்பதில்லை. 99 ஆண்டுக் குத்தகைக்குத் தருகிறது. "எங்க நிலத்தைக் கம்பெனிக்கு வித்துட்டாங்க" என்ற புகாரில் குத்தகைப் பத்திரத்தைப் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

10. பொதுக் காரியம்னு எடுத்துட்டு தனியார் பில்டருக்குக் கொடுத்தா ஒண்ணும் பண்ண முடியாதா?

முடியும். நிலம் கொடுத்தவர்களின் கை ஓங்கியிருக்கும் இடம் இதுதான். பெங்களூருக்கு அருகே சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்கு ஹோட்டல், கோல்ஃப் விடுதித் திட்டம் என்று எடுத்த நிலம் தனியாருக்குக் கைமாறியது. ராயல் ஆர்க்கிட் ஹோட்டல்ஸ் வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம், இது அதிகாரத்தை வைத்துச் செய்த மோசடி என்று சொல்லி, நிலத்தைத் திருப்பித் தரும் உத்தரவை உறுதி செய்தது. பல ஆண்டு கழித்து வழக்குத் தொடுத்தார்கள் என்ற வாதமும் அங்கே எடுபடவில்லை.

5-ஆம் பதிலில் சொன்னதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். திட்டத்தை உண்மையாகவே நடத்தி மிஞ்சியதை ஏலம் விடுவது ஒன்று. தொடக்கத்திலிருந்தே யாருக்கோ கொடுக்கும் எண்ணத்தோடு பொதுக் காரியம் என்ற பெயரில் எடுப்பது வேறு. இரண்டாவதை நிரூபிக்கக் கோப்பின் குறிப்புகள் வேண்டும்: தனியாரோடு ஒப்பந்தம் போட்ட தேதி, அவார்டு தேதி, நஷ்டஈட்டுப் பணம் யார் கணக்கிலிருந்து வந்தது. விளம்பரமே இல்லாமல் நேரடியாக ஒருவருக்கு ஒதுக்கியிருந்தால் அதுவும் தனியான பலவீனம். பொதுச் சொத்தை வெளிப்படையான கொள்கையும் அறிவிப்பும் இல்லாமல் ஒதுக்கக் கூடாது என்றும் 2011-ல் உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில் சொல்லியிருக்கிறது.

11. எங்க ஹவுசிங் போர்டு காலனியில பார்க்குக்கு விட்ட இடத்தை ஏலம் விடப் போறாங்களாம். விடலாமா?

லே-அவுட்டில் பூங்கா என்று காட்டி மனை விற்றபின் அதை விற்கக் கூடாது. பூங்கா இடத்தை மருத்துவமனைக்கு ஒதுக்கியதை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை 1991-ல் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அங்கே மருத்துவமனையே கூடாது என்றானபோது கடைக்கு எப்படிக் கூடும்? அனுமதி பெற்ற லே-அவுட் வரைபடத்தின் சான்றிட்ட நகலை சி.எம்.டி.ஏ.-விடம் வாங்குங்கள். பள்ளி, கடை, "எதிர்காலத் தேவை" என்று காட்டிய இடங்களின் நிலை வேறு. கடைக்கென்று விட்ட இடத்தை வாரியம் ஏலம் விடுவது வழக்கமான விற்பனைதான்.

12. வாரிய மனையை ஏலத்துல எடுக்கலாம்னு இருக்கேன். அரசாங்கமே விக்குது, இதுல வில்லங்கம் என்ன வரப் போகுது?

மூன்று வரும். ஒன்று, அவார்டை எதிர்த்து வழக்கு நிலுவையில் இருப்பது. சர்வே எண்ணை வைத்து உயர் நீதிமன்ற வழக்குகளையும் தேடச் சொல்லி வக்கீலிடம் கருத்துரை வாங்குங்கள். இரண்டு, மனைக்குள் யாராவது குடியிருப்பது. "இருப்பது இருக்கும் நிலையில்" என்று ஏல நிபந்தனையில் எழுதியிருந்தால் அவர்களை வெளியேற்றும் பாரம் உங்கள் தலையில்தான். முன்வைப்புத் தொகை கட்டுவதற்கு முன் காலையிலும் இரவிலும் போய் இடத்தைப் பாருங்கள்; பகலில் காலியாகத் தெரியும் மனையில் இரவில் நான்கு லோடு வண்டி நிற்கும். மூன்று, நில உபயோகம். வணிக மனை என்று விளம்பரத்தில் இருந்தாலும் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) அந்த சர்வே எண் எந்த மண்டலத்தில் வருகிறது என்று சி.எம்.டி.ஏ.-வில் உறுதி செய்யுங்கள்.

விலையோடு 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் சேரும். மீதித் தொகைக்கான கெடுவை வங்கிக் கடன் கிடைக்கும் நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கெடு தவறினால் கட்டிய பணத்தைப் பறிமுதல் செய்யும் நிபந்தனை இருக்கும்.

13. முப்பது வருஷத்துக்கு முன்னாடி வாங்கின மனைக்கு இப்போ இன்னும் பணம் கட்டுன்னு வாரியம் கேக்குது. இது என்ன அநியாயம்?

உங்கள் ஒதுக்கீட்டு ஆணையிலும் லீஸ் கம் சேல் (குத்தகையோடு விற்பனை) ஒப்பந்தத்திலும் "தற்காலிக விலை" என்று இருக்கிறதா பாருங்கள். நிலம் கொடுத்தவர் 1894 சட்டத்தின் 18-ஆவது பிரிவில் நீதிமன்றம் போய் அதிக நஷ்டஈடு வாங்கினால், அந்தக் கூடுதலுக்கு முதல் ஆண்டு 9, பிறகு 15 சதவீத வட்டி ஏறும். மேல்முறையீடுகள் ஓடும் காலமெல்லாம் ஏறிய அந்தச் சுமையை வாரியம் மனைதாரர்களிடம் இறுதி விலையாகக் கேட்கிறது. இறுதி விலை கட்டாதவரை கிரயப் பத்திரம் தராது. பத்திரம் இல்லாமல் விற்கவும் முடியாது, கடனும் கிடைக்காது.

கணக்குத் தாளைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் மனை இருக்கும் சர்வே எண்ணுக்கு உண்மையில் நஷ்டஈடு உயர்ந்ததா, பூங்காவும் சாலையும் போன பரப்பை எப்படிப் பிரித்தார்கள், வாரியம் தாமதித்த காலத்து வட்டியையும் உங்கள் மேல் போட்டிருக்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். கிரயப் பத்திரம் ஏற்கெனவே பதிவாகிவிட்டது, அதில் மேற்கொண்டு தொகை பற்றி நிபந்தனை எதுவும் இல்லை என்றால் உங்கள் வாதம் வலுவானது.

14. பட்டா அவர் பேர்ல இருக்கு, வில்லங்கச் சான்றும் சுத்தமா இருக்கு. ஆனா பக்கத்துல இருக்கறவங்க வாரிய இடம்னு சொல்றாங்க. யாரை நம்பறது?

பக்கத்து வீட்டுக்காரரை நம்பி, விசாரியுங்கள். அவார்டு பதிவு அலுவலகத்தில் பதிவாகும் பத்திரம் அல்ல. அதனால் வில்லங்கச் சான்றில் அது வராது. எத்தனை ஆண்டுக்குப் போட்டுப் பார்த்தாலும் பழைய உரிமையாளர் பெயரோடு சுத்தமாகவே இருக்கும். அவார்டு ஆனபின் வருவாய்க் கணக்கில் பெயரை மாற்றாமல் விட்ட கிராமங்களில் பட்டாவும் அவர் பெயரிலேயே தொடரும். பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு, அரசு, உள்ளாட்சி, சி.எம்.டி.ஏ. நிலத்தை உரிய அனுமதி இல்லாமல் பதியக் கூடாது என்கிறது. ஆனால் எந்த எண் அவர்களுடையது என்ற தகவல் சார்பதிவாளருக்குப் போய்ச் சேராத இடத்தில் பத்திரம் பதிவாகிவிடும்.

எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன் வீட்டு வசதி வாரியம், சி.எம்.டி.ஏ. இரண்டிடமும் அந்த சர்வே எண்ணுக்கு எழுத்து மூலம் கேளுங்கள். 4(1) அறிவிப்புக்குப் பின் வாங்கியவர் நில எடுப்பையே எதிர்த்து வழக்குப் போட முடியாது, அதிகபட்சம் நஷ்டஈட்டைத்தான் கேட்கலாம் என்று சிவ் குமார் வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பழைய உரிமையாளர் அந்த நஷ்டஈட்டை ஏற்கெனவே வாங்கியிருந்தால் அதுவும் உங்களுக்கு இல்லை.

15. ஆர்ஜிதமே ஆகலை, டி.டி.பி. பிளான்ல ரோடுன்னு காட்டியிருக்காங்க. அதனால வீடு கட்ட பர்மிஷன் தர மாட்டேங்கறாங்க.

விரிவான வளர்ச்சித் திட்டத்தில் கோடு போட்டதால் மட்டும் நிலம் அரசுடையது ஆகாது. 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-ஆவது பிரிவுப்படி, திட்ட அறிவிப்பு வெளியாகி 3 ஆண்டுக்குள் நிலம் எடுப்பதற்கான விளம்புகையோ உங்களோடு ஒப்பந்தமோ வராவிட்டால் அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகக் கொள்ளப்படும். திட்டம் வெளியான அரசிதழ் தேதியையும், நில எடுப்பு நடவடிக்கை எதுவும் இல்லை என்று தகவல் உரிமையில் வாங்கிய பதிலையும் இணைத்து சி.எம்.டி.ஏ.-வுக்கு மனு கொடுங்கள். பதில் வராவிட்டால், மனுவைக் குறித்த காலத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்க உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அதுவரை சாலைக் கோட்டுக்குள் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள். விடுவிப்பு ஆணை வருவதற்கு முன் கட்டிய பகுதி அனுமதியற்ற கட்டடமாகத்தான் கணக்கில் வரும்.